பெடல் ஸ்டீலுக்கு வால்வு ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா?

கேட்டவர் டெக்சாஸில் வேலை பார்ப்பவர். பத்துக் கம்பி பெடல் ஸ்டீல் ஒன்றைப் பழையதாக வாங்கி, இ9 என்ற வழக்கமான சுருதி அமைப்பில் பழகத் தொடங்கியிருக்கிறார். (பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, கம்பிமேல் உலோகக் கட்டையை நகர்த்தி, பெடலை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிக்கும் மின் கிட்டார். கன்ட்ரி இசையில் அதிகம் கேட்கலாம்.) கிட்டாருக்காக முன்பே வாங்கிய 15 வாட் வால்வு ஆம்ப் வீட்டில் இருக்கிறது. ஸ்டீலை அதில் செருகினால் இரண்டு கம்பி சேர்ந்து ஒலிக்கும்போதெல்லாம் கரகரவென்று பிசிறுகிறதாம். பக்கத்து ஊரில் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற பெரிய வால்வு ஆம்ப் ஒன்றும் பீவி நாஷ்வில் 400 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. "வால்வு இல்லாத ஆம்பில் உயிர் இருக்காது என்கிறார்கள். எதை வாங்குவது? இரண்டு வருடத்தில் கோவைக்குத் திரும்பும் திட்டமும் இருக்கிறது" என்பது கேள்வி.

(அமெரிக்காவில் டியூப் என்பார்கள். நமக்கு வால்வு ரேடியோ என்று சொல்லித்தான் பழக்கம், அதனால் வால்வு என்றே எழுதுகிறேன்.)

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாஷ்வில் 400 ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அதை வாங்குங்கள். ட்வினும் அருமையான ஆம்ப்தான், அதை வாங்கினாலும் ஏமாந்துபோக மாட்டீர்கள். வாங்கக்கூடாதது இன்னொரு சின்ன வால்வு ஆம்ப். காரணம் உங்கள் வலது காலில் இருக்கிறது.

பெடல் ஸ்டீலில் இடது கால் தரைப் பெடல்களை மிதித்துச் சுருதியை மாற்றும். வலது கால் எப்போதும் வால்யூம் பெடல் மேல் இருக்கும். அந்தப் பெடல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் முதல் வேலை கார்வை. மீட்டிய கம்பியின் நாதம் அந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. தேயத் தேயக் கால் மெதுவாக இறங்கிக்கொடுக்கும். கேட்பவர் காதில் நாதம் ஒரே அளவில் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். வீணையிலோ கோட்டுவாத்தியத்திலோ கம்பி தேய்வதற்குள் வித்வான் கமகத்தை முடித்தாக வேண்டும். இங்கே கால் அவகாசம் வாங்கித் தருகிறது.

ஆக, மீட்டும்போது பெடல் பாதியில்தான் நிற்கும். பாதியில் நிற்கும்போதே டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஈடுகொடுக்கும் சத்தம் வேண்டும். அப்படியென்றால் ஆம்பைக் காதில் விழுவதைவிட மிக அதிகமான அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மேலே ஒரு பெரிய இடம் காலியாகவே கிடக்கும். ஆங்கிலத்தில் ஹெட்ரூம் என்பது இதைத்தான். ஒரு நாதத்தை நீட்டிக்கொண்டே வந்து கால் முழுக்க இறங்கியிருக்கும் நேரத்தில் அடுத்த சுரத்தை மீட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒரே பாய்ச்சலாக 10 டெசிபல் எகிறக்கூடும். 10 டெசிபல் என்றால் மின்திறனில் 10 மடங்கு. அதுவரை 5 வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருந்த ஆம்பிடம் திடீரென்று 50 வாட் கேட்கிறீர்கள். 15 வாட் ஆம்ப் என்ன செய்யும்? பிசிறும். ஆம்ப் மேல் தப்பில்லை, அது அப்படிப் பிசிறுவதற்காகவே செய்யப்பட்டது. ராக் வாசிப்பவர்கள் அதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விவகாரமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. கிட்டாரில் இனிக்கும் பிசிறு ஸ்டீலில் ஏன் கசக்கிறது? ஆம்ப் பிசிறும்போது இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசத்தில் மூன்றாவதாக ஒரு சுரம் தானாகப் பிறக்கும். உங்கள் இ9 சுருதியில் நான்காம் கம்பி இ, ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். ஐந்தாம் கம்பி பி, 247 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து மீட்டினால் வித்தியாசம் 83. அதுவும் ஒரு இ தான், இரண்டு ஸ்தாயி கீழே. அதனால் உறுத்தாது. இப்போது முதல் பெடலை மிதியுங்கள். பி மெதுவாக ஏறி சி ஷார்ப் ஆகிறது, 277 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 83-லிருந்து 53-க்கு இறங்குகிறது. நீங்கள் வாசிக்கும் சுரம் மேலே ஏற, அடியில் ஒரு பேய்ச் சுரம் கீழே வழுக்கிக்கொண்டு போகிறது! பெடல் ஸ்டீலின் உயிரே ஒரு கம்பி நிற்க இன்னொன்று நகரும் இந்த அசைவுதான். அந்த உயிரையே பிசிறு கெடுத்துவிடுகிறது. கரகரப்பு என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஒற்றைச் சுரமாக வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீலில் பிசிறு அழகாகவே வரும். 1935-இல் மில்டன் பிரவுன் குழுவில் பாப் டன் வாசித்த மின் ஸ்டீலைக் கேட்டுப் பாருங்கள். கன்ட்ரி இசையில் மின்சாரம் ஏறிய முதல் ஒலிப்பதிவுகள் அவை. டிரம்பெட் ஊதுவதுபோல் துண்டு துண்டாக, முரட்டுத்தனமாக ஒலிக்கும். உங்கள் ஆசை அந்தப் பக்கம் என்றால் இருக்கிற 15 வாட்டே போதும், மேலே படிக்கவே வேண்டாம்.

வால்வு ஆம்புக்கும் ஸ்டீலுக்கும் பழைய உறவு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் முதலில் விற்றது லேப் ஸ்டீலும் அதற்கான சின்ன ஆம்பும்தான். டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற பேர்போன கிட்டார்கள் எல்லாம் அப்புறம் வந்தவை. 1950களில் ஸ்பீடி வெஸ்ட் போன்ற ஸ்டீல் வித்வான்கள் நாடிப்போன ஸ்டான்டல் ஆம்பில் 25 வாட் வால்வும் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் இருந்தன. 1963-இல் வந்த ட்வின் ரிவெர்ப் பல வருடம் ஸ்டீல்காரர்களின் முதல் தேர்வாக இருந்தது. நான்கு 6எல்6 வால்வு, 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். வால்வு என்பதற்காக மட்டும் அதை விரும்பவில்லை. அந்தக் காலத்தில் பிசிறாமல் அவ்வளவு சத்தம் தரக்கூடியவை அதுபோல் ஒன்றிரண்டுதான் இருந்தன.

1970களின் கடைசியில் இதே ட்வின் 135 வாட்டுக்கு ஏற்றப்பட்டது. கிட்டார்காரர்கள் முகம் சுளித்தார்கள், எவ்வளவு திருகினாலும் பிசிறவில்லை என்று. ஸ்டீல் வாசிப்பவர்களுக்கு அதுவே வரப்பிரசாதமாகப் போயிற்று. நீங்கள் பார்த்திருக்கும் ட்வின் அந்தக் காலத்தது, வெள்ளி முகப்பு, மாஸ்டர் வால்யூம் உள்ளது என்றால் அதை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் வந்ததும் சும்மா இல்லை. 1966-இல் ஃபெண்டரே ஒரு டிரான்சிஸ்டர் வரிசையை இறக்கிச் சில வருடங்களில் நிறுத்திவிட்டது. அந்தக் கால டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பலவற்றில் ஒரு குறை உண்டு. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும். கைமாறும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். சத்தம் அதிகமாக இருக்கையில் அது தெரியாது. நாதம் தேய்ந்து மெலியும்போது வெட்டு மட்டும் தனியாகக் காதில் விழும். தேயும் நாதத்தை வைத்துப் பிழைக்கும் ஸ்டீலுக்கு இதைவிடக் கெடுதல் வேறென்ன வேண்டும்? "டிரான்சிஸ்டர் ஒலி கண்ணாடித் துண்டு மாதிரி" என்ற பேச்சு அந்தக் காலத்துச் சொத்து. இன்னும் புழங்குகிறது, அவ்வளவுதான்.

பிறகு மிசிசிப்பியின் மெரிடியனில் ஹார்ட்லி பீவி 1965-இல் தொடங்கிய நிறுவனம், 1970களில் செஷன் 400 என்று ஸ்டீலுக்கென்றே ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பைக் கொண்டுவந்தது. அதன் வாரிசு 1980களின் நாஷ்வில் 400. ஏறத்தாழ 200 வாட், ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர். கன்ட்ரி மேடைகளில் ஸ்டீலுக்குப் பின்னால் அதிகம் உட்கார்ந்திருந்த பெட்டிகளில் இதுவும் ஒன்று. வால்வுக்கே பேர்போன ஃபெண்டர் 2000களில் ஸ்டீலுக்கென்று ஸ்டீல் கிங் என்ற ஆம்பைச் செய்தபோது அதுவும் டிரான்சிஸ்டர், 200 வாட், 15 அங்குலம். அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது.

சரி, வாட் கணக்கு. "வால்வு வாட்டுக்குச் சத்தம் அதிகம்" என்று சொல்வார்கள். வாட் வாட்தான், எதிலிருந்து வந்தாலும் ஸ்பீக்கருக்கு ஒன்றே. வித்தியாசம் எல்லையைத் தாண்டும் விதத்தில் வருகிறது. வால்வு ஆம்ப் எல்லையை நெருங்கும்போது அலையின் தலையை மெதுவாக அமுக்கும். காதுக்கு அது பிசிறாகத் தோன்றாமல் தடிப்பாகத் தோன்றும், அதனால் எல்லைக்கு மேலும் கொஞ்சம் தள்ளி வாசிக்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லை வரை நேராகப் போய் அங்கே தலையைச் சீவிவிடும். அதனால் டிரான்சிஸ்டரில் எல்லையை எட்டாத அளவுக்கு வாட் வைத்துக்கொள்ள வேண்டும். 200 வாட் ஆடம்பரமில்லை. 22 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலுக்கும் கொஞ்சம் கம்மி, காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். ஆனால் உங்கள் வலது கால் வேலை செய்வது அந்த 10 டெசிபலுக்குள்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 22 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை ஆசை ஆசையாய் ஒரு நடனக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் தேன் மாதிரி இருந்தது. அங்கே டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியதும் மூன்றாம் பாட்டிலேயே கால் முழுக்க இறங்கிவிட்டது, அதற்கு மேல் இறங்க இடமில்லை. நாதம் நீளவும் இல்லை, சுத்தமாகவும் இல்லை. இடைவேளையில் பேஸ் வாசித்தவர் என் ஆம்பைப் பார்த்து, "இது குட்டி போட்டால் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

இதற்காக வால்வின் அழகு கற்பனை என்று சொல்ல வரவில்லை. வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கர் மேல் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஸ்பீக்கர் தன் இயல்பான அதிர்வில் சற்றுக் கூடுதலாக ஆடும், உச்சியிலும் கொஞ்சம் மினுக்கும். மேல் கம்பிகளில் மெதுவான பாட்டு வாசிக்கும்போது அந்தத் தளர்வு மூச்சுவிடுவதுபோல் இருக்கும். ஸ்டூடியோவில், மைக்குக்கு முன்னால், நல்ல வால்வு ஆம்பை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பேன். அதே தளர்வு, ஸ்டீலின் இன்னொரு சுருதி அமைப்பான சி6-இல் வாசிப்பவருக்கு எதிரி. அங்கே பத்தாம் கம்பி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதைத் தொளதொளவென்று விடாமல் பிடித்து நிறுத்த டிரான்சிஸ்டர்தான் லாயக்கு. இரண்டையும் கலந்தவர்களும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ஜெர்ரி கார்சியா, கிட்டாருக்கு ட்வின் ரிவெர்பின் முன்பகுதியை (ஒலிக்கு நிறம் தரும் ப்ரீஆம்பை) மட்டும் எடுத்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பாக மெக்கின்டாஷ் டிரான்சிஸ்டர் ஒன்றில் விட்டு, ஜேபிஎல் ஸ்பீக்கரில் வாசித்தார். ஸ்டீல்காரர்களிலும் வால்வு ப்ரீஆம்பையும் டிரான்சிஸ்டர் பவரையும் தனித்தனிப் பெட்டியாய் வைத்துக்கொண்டு சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆம்புக்கு அந்த வழி வேண்டாம், வயர் பிடுங்கியே வயதாகிவிடும்.

வால்வா டிரான்சிஸ்டரா என்று இரவு முழுக்கச் சண்டை போடுபவர்கள் ஸ்பீக்கரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஒரே வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 103 தருவதைப் போட்டால் ஆம்பின் வாட் நான்கு மடங்கானதற்குச் சமம். பழைய ஜேபிஎல் டி130 மேல் ஸ்டீல்காரர்களுக்கு இருந்த பக்தி இதனால்தான். 4 அங்குலச் சுருள், நடுவில் பளபளக்கும் அலுமினியக் குமிழ். நாஷ்வில் 400-இல் பீவியின் பிளாக் விடோ இருக்கும். அதன் கூம்பும் சுருளும் கூடையோடு தனியாகக் கழன்று வரும், காந்தத்தை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஈக்யூவும், அதாவது அடி, நடு, உச்சி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும், அப்படித்தான். ஃபெண்டர் ஆம்ப்களில் திருகுகளை வழக்கமான இடங்களில் எங்கே வைத்தாலும் நடு அலைவரிசை கொஞ்சம் குழிந்தே இருக்கும், அவற்றின் ஒலி ஸ்டீலுக்கு ஒத்துப்போவதற்கு அது பெரிய காரணம். நாஷ்வில் 400-இல் அந்தக் குழியை நீங்களே தோண்ட வேண்டும். நடு அலைவரிசைக்கு இரண்டு திருகு இருக்கும். எந்த இடம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு என்பதற்கு ஒன்று. இடத்தை 800 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தி, அளவை நன்றாகக் குறையுங்கள். மூக்கடைத்துப் பாடுவதுபோல் இருந்த ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். இதைச் செய்யாமலே "பீவி நன்றாக இல்லை" என்று விற்றவர்கள் எத்தனை பேரோ.

ட்வின் பக்கம் போவதாக இருந்தால்: ஸ்டீலின் பிக்கப்களில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்களில்) கம்பிச் சுற்று அதிகம், சாதாரணக் கிட்டாரைவிடச் சூடாக சிக்னல் வரும். முதல் வால்விலேயே பிசிறு தொடங்கிவிடலாம். இரண்டாம் எண் ஜாக்கில் செருகினால் 6 டெசிபல் குறையும். போதவில்லை என்றால் முதல் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் 5751 போடுங்கள். அதே குழியில் உட்காரும், பெருக்கம் 100-க்குப் பதில் 70. உச்சி ஒலியைத் தூக்கும் பிரைட் சுவிட்சை அணைத்து வையுங்கள். மற்றபடி ட்வினை மூடிவைத்த நிலையில் ரசியுங்கள், உள்ளே கை விடாதீர்கள். 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். எடையும் ஒரு விஷயம். மறுபதிப்பு ட்வினே 29 கிலோ, ஜேபிஎல் போட்ட பழையது இன்னும் கனம். ஸ்டீலின் பெட்டியே ஒரு சுமை என்பதை மறக்காதீர்கள். 2019-இல் ஃபெண்டரே ட்வினின் ஒலியை டிஜிட்டலாகச் செய்து 15 கிலோவுக்குள் ஒன்று கொண்டுவந்தது. முதுகுவலிக்காரர்களுக்கு அதையும் சொல்வேன்.

கோவை விஷயம். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க 500 விஏ அளவுக்குக் குறையாத, உண்மையான இரும்புக் கரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பயணத்துக்கு விற்கும் கையடக்க கன்வர்ட்டரைப் போட்டு ஆம்பை எரித்துவிடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் கணக்கில் மட்டும் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சுடும். அதனால் பின்பக்கத்தில் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வால்வு ஆம்பில் இந்தச் சூடு வால்வுகளின் சொந்தச் சூட்டோடு சேரும். உதிரி வால்வுகளுக்கும் தட்டுப்பாடுதான். இன்று அவை பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் செய்யப்படுகின்றன, நம் ஊர்க் கடையில் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நான் டிரான்சிஸ்டர் பக்கம் சாய இதுவும் ஒரு காரணம். கிளாஸ்-டி எனப்படும் கனம் குறைந்த புதிய வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் சில எந்த வோல்ட்டிலும் ஓடும், லேபிளைப் பார்த்தால் தெரியும்.

பழைய டிரான்சிஸ்டர் ஆம்பில் முக்கியமாக ஒன்றைச் சோதிக்க வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் தானாக அமுங்கும், ஓங்கி மீட்டினால் பொட்டென்று திரும்பி வரும். ஒரு பழுதுக் கடையில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று மாற்றிக் காசு வாங்கினார்கள். அடுத்த வாரமே பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் ஒரு வயதான ஸ்டீல்காரர் பின்பக்கம் குனிந்து, ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்ற இரண்டு ஜாக்குக்கும் நடுவே ஒரு சின்ன வயரைச் செருகினார். சரியாகிவிட்டது. அந்த ஜாக்குகளில் எதுவும் செருகாதபோது உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுச் சிக்னலைக் கடத்த வேண்டும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் களிம்பேறிவிடும். அதனால் போகும்போது ஒரு சாண் வயர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் செருகிப் பாருங்கள். அதில் சரியானால் விலையை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டு ஆம்பையும் உங்கள் ஸ்டீலோடு, உங்கள் வால்யூம் பெடலோடு போய்ப் பாருங்கள். கிட்டாரை வைத்துச் சோதிப்பதில் பிரயோசனமில்லை. பெடலைப் பாதியில் நிறுத்தி, மேடையில் வேண்டிய சத்தத்துக்கு ஆம்பைத் திருகிக்கொள்ளுங்கள். பிறகு காலை முழுக்க இறக்கி, நான்கு, ஐந்து கம்பிகளைச் சேர்த்து ஓங்கி மீட்டி, முதல் பெடலை மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள். மேலே ஏறும் சுரத்தைக் கேட்காதீர்கள். அடியில் ஏதாவது இறங்குகிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்குள் தெரிந்துவிடும்.